சமூக ஊடகம் நேர்ப்பழக்கத்தைக் குறைக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தாய், டொராண்டோவில் இருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார். கோவையில் விடுதிக் கட்டிலில் படுத்தபடி ஒரு மாணவர் ஒன்றரை மணி நேரமாக ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கோயில் கொடைக்கு யார் யார் வரி கொடுத்தார்கள் என்ற கணக்கை ஊர்க் குழுவில் ஒருவர் போடுகிறார். மூவர் செய்வதற்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: சமூக ஊடகப் பயன்பாடு. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டு, "இது மனுஷங்களைச் சேர்க்குதா, பிரிக்குதா?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. 'பிரிக்கிறது' என்பவர் மாணவரை நினைத்துச் சொல்கிறார்; 'சேர்க்கிறது' என்பவர் தாயை நினைத்துச் சொல்கிறார். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் நடக்கின்றன. முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இந்த மூட்டைதான். அதை அவிழ்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரே செயலி, மூன்று வேலை

முதல் வேலை, தெரிந்த ஆளோடு பேசுவது. செய்தி அனுப்புவது, அழைப்பது, பதிவின் கீழே பதில் எழுதுவது எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, தெரிந்தவர்களை வேடிக்கை பார்ப்பது. ஸ்டேட்டஸ், கல்யாணப் படம், பிள்ளையின் பிறந்தநாள் கேக் என்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் நகர்ந்துவிடுவோம். மூன்றாவது, முன்பின் தெரியாதவர்கள் எடுத்த காணொளிகளைப் பார்ப்பது.

ஆய்வாளர் மொய்ரா பர்க்கும் ஃபேஸ்புக் நிறுவன ஆய்வாளர்கள் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு முதல் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. நேரடியாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்பவர்களிடம் நெருக்க உணர்வு அதிகமாகவும் தனிமை உணர்வு குறைவாகவும் இருந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டு போகிறவர்களிடம் தனிமை உணர்வு கூடுதலாக இருந்தது. பார்ப்பதால் தனிமை வந்ததா, தனிமையில் இருப்பவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வு தனியாகத் தீர்த்துவைக்கவில்லை. ஆனாலும் 'எத்தனை மணி நேரம்' என்பதைவிட 'எந்த வேலைக்கு' என்ற கேள்வி பயனுள்ளது என்று அது காட்டியது.

இந்த மூன்று வேலைகளின் விகிதம் காலப்போக்கில் பெரிதும் மாறிவிட்டது. 2004-ல் ஃபேஸ்புக் தொடங்கியபோது நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்தது. எல்லோருடைய செய்தியும் தானாக நம் திரைக்கு வந்து சேர்ந்தது. 2009-ல் லைக் பொத்தான் வந்தது. அதற்கு முன் 'நல்லா இருக்கு' என்று நாலு வார்த்தை எழுத வேண்டியிருந்த இடத்தில் ஒரு தட்டு போதும் என்றானது. இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது.

இன்று எங்கே வந்து நிற்கிறோம் என்பதற்கு நல்ல சாட்சி ஒரு வழக்கிலிருந்து கிடைக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் உரிமையாளரான மெட்டா நிறுவனம் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு 2025 ஏப்ரலில் வாஷிங்டனில் விசாரணைக்கு வந்தது. அங்கே மெட்டா தரப்பே சொன்ன கணக்கு இது: ஃபேஸ்புக்கில் மக்கள் செலவிடும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்க்கும் பங்கு இரண்டு ஆண்டுகளில் 22 சதவீதத்திலிருந்து 17-ஆகக் குறைந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 11-லிருந்து 7. 'நாங்கள் நண்பர்களை இணைக்கும் தளம் மட்டும் இல்லை' என்று காட்டுவது அவர்களுக்கு அந்த வழக்கில் வசதி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்பெட்டியில் பேசிக்கொள்வது இந்தக் கணக்கில் வராது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் படம் தெளிவு. இன்ஸ்டாகிராமில் ஒருவர் 100 நிமிடம் இருந்தால், அதில் தெரிந்தவர்களின் பதிவுக்குப் போவது 7 நிமிடம்.

அதனால் ஓர் ஆய்வைப் படிக்கும்போது அது எந்த ஆண்டுத் தரவு என்று முதலில் பாருங்கள். 2007-ன் ஃபேஸ்புக்கைப் பற்றிய நற்சான்றிதழ் இன்றைய செயலிக்குச் செல்லாது. பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிட்டது. இன்றைய பயன்பாட்டின் பெரும்பகுதி தொலைக்காட்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அந்த ஒரு மணி நேரம் எதிலிருந்து வெட்டப்பட்டது?

எல்லோருக்கும் 24 மணி நேரம்தான். போனுக்கு ஒரு மணி நேரம் போனால் அது வேறு எதிலிருந்தோ வெட்டப்பட்டிருக்க வேண்டும். தூக்கத்திலிருந்தா, டிவியிலிருந்தா, பேருந்துக்குக் காத்திருந்த நேரத்திலிருந்தா, சித்தி வீட்டுக்குப் போய்வரும் நேரத்திலிருந்தா? முழு விவாதமும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

முதல் பெரிய எச்சரிக்கை 1998-ல் வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் க்ரௌட் குழுவினர், முதன்முதலாக இணைய இணைப்புப் பெற்ற 73 வீடுகளில் 169 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, பழகும் வட்டம் சுருங்கியது, தனிமை உணர்வு கூடியது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2002-ல் அதே குழு, அதே ஆட்களை மறுபடி பார்த்தபோது அந்தக் கெட்ட விளைவுகளில் பெரும்பாலானவை மறைந்துபோயிருந்தன. புதிதாக எடுத்த இன்னொரு மாதிரியில் வேறொன்றும் தெரிந்தது. இயல்பிலேயே கலகலப்பானவர்களுக்கு இணையம் நன்மை செய்தது. ஒதுங்கி இருப்பவர்களுக்கு நன்மை குறைவாகவும் சில விஷயங்களில் தீமையாகவும் இருந்தது. முதல் முடிவைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் அதிகம். திருத்தம் அவ்வளவாகப் பரவவில்லை. கெட்ட செய்திக்கு இருக்கும் வேகம் திருத்தத்துக்கு என்றைக்கு இருந்தது?

கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதையே இரண்டு வழியில் சோதித்தார். ஒன்று, ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கேட்ட தரவு. இன்னொன்று, ஒரு நாளில் பல முறை குறுஞ்செய்தி அனுப்பி 'இப்போது என்ன செய்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள்' என்று கேட்டது. சமூக ஊடகம் நெருங்கியவர்களோடு நேரில் இருக்கும் நேரத்தைத் தின்கிறது என்பதற்கு இரண்டிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. நெருங்கிய தோழி வீட்டுக்கு வந்திருக்கும்போது அவரை விட்டுவிட்டு ரீல்ஸ் பார்ப்பவர்கள் குறைவு. ஆள் இல்லாத நேரத்தில்தான் போன் வருகிறது.

பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தது இன்னொரு சோதனை. 2018 நவம்பர் அமெரிக்க இடைக்காலத் தேர்தலை ஒட்டிய காலத்தில், ஹன்ட் ஆல்காட், மாத்யூ ஜென்ட்ஸ்கோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் பணம் கொடுத்து ஒரு பகுதியினரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கிவைக்கச் சொன்னார்கள். குலுக்கல் முறையில் பிரித்ததால் இது காரண-காரியம் சொல்லும் தகுதி உள்ள ஆய்வு. ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது. இன்னொரு பங்கு தனியாக டிவி பார்ப்பதில் போனது. மனநிறைவு கொஞ்சம் கூடியது. நாட்டு நடப்பு தெரிந்திருப்பது குறைந்தது.

போனை எடுத்துவிட்டால் ஆள் தானாக வாசலைத் தாண்டிவிடுவதில்லை என்பதை அந்த 'தனியாக டிவி' என்ற பங்கு சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

ஆளுக்கு ஒரு கணக்கு, தலைமுறைக்கு ஒரு கணக்கு

"ஆய்வு என்னவோ சொல்லட்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளியே போவதே இல்லையே" என்று பெற்றோர் சொல்வது கண்ணால் கண்டது. அதையும் ஒதுக்கிவிட முடியாது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மிகவும் கடினமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உளவியலாளர் ஜீன் ட்வெங்கியும் சகாக்களும் 2019-ல், அமெரிக்க மாணவர்களிடம் 1970-களிலிருந்து எடுக்கப்பட்டுவந்த கருத்தாய்வுகளை ஆராய்ந்தார்கள். மொத்தம் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்கள். 1980-களின் இறுதியில் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனவர்களைவிட, 2016-ல் போனவர்கள் நண்பர்களோடு நேரில் பழகிய நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. ஆனால் ஒரே ஆண்டு மாணவர்களை மட்டும் எடுத்து ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிறது. சமூக ஊடகத்தில் அதிகம் இருப்பவர்கள்தான் நேரிலும் அதிகம் பழகுகிறார்கள்.

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? 40 பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் துணை நிறைய உள்ள பிள்ளைக்கு இன்ஸ்டாகிராமிலும் ஆட்கள் அதிகம், மைதானத்திலும் ஆட்கள் அதிகம். யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு இரண்டிலும் குறைவு. எனவே வகுப்புக்குள் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதே வகுப்பை 30 ஆண்டுக்கு முந்தைய வகுப்போடு வைத்துப் பார்த்தால் எல்லோருடைய அளவுமே கீழே இறங்கியிருக்கிறது. ஊரே பழக்கத்தை மாற்றிக்கொண்டபோது, ஒருவர் மட்டும் போனை வைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போனால் அங்கே விளையாட ஆள் இல்லை. தனி ஆளை அளக்கும் ஆய்வில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. அதே ஆய்வில் தனிமையை மிக அதிகமாகச் சொன்னவர்கள் நேர்ப்பழக்கம் குறைவாகவும் சமூக ஊடகம் அதிகமாகவும் உள்ளவர்கள். போன் மட்டும் அதிகம் என்பதோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் அதிகமாக உள்ள பிள்ளையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் இறங்குமுகத்துக்கு முழுக் காரணம் போன் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கூட்டுவாழ்க்கை குறைந்துவருகிறது என்று அரசியல் அறிவியலாளர் ராபர்ட் புட்னம் 1995-லேயே எழுதினார். ஃபேஸ்புக் வர இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. அன்றைக்கு அவர் முக்கியமாகக் குற்றம் சாட்டியது தொலைக்காட்சியை. நம் பக்கத்தில் டியூஷன், போக்குவரத்து நெரிசல், திண்ணையும் முற்றமும் இல்லாத அடுக்குமாடி, இரவுப் பணி, பெண்பிள்ளையை வெளியே அனுப்பும் பயம் என்று எத்தனையோ காரணங்கள் சேர்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க நீண்டகாலத் தரவு வேண்டும். இந்தியாவில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற தேசிய அளவிலான முழுக் கணக்கெடுப்பு நடந்ததே 2019-லும் 2024-லும்தான். அந்த இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு 'அந்தக் காலம் – இந்தக் காலம்' என்று கோடு போட முடியாது.

எண்களை மேற்கோள் காட்டும் விதத்திலும் ஏமாற இடம் உண்டு. 2023-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி தனிமை பற்றி வெளியிட்ட அறிக்கையில், நண்பர்களோடு நேரில் இருக்கும் நேரம் 2003-ல் நாளுக்கு 60 நிமிடமாக இருந்து 2020-ல் 20 நிமிடமானது என்று வருகிறது. இதைப் பலரும் போனின் கணக்கில் எழுதுகிறார்கள். 2020 கொரோனா ஆண்டு. உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. உளவியலாளர்கள் ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரசிபில்ஸ்கி இருவரும் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவை அலசி, அவர்களின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றார்கள். 'ஒன்றுமே இல்லை, பயப்படாதீர்கள்' என்று மற்றவர்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள். டிவி, விளையாட்டு, செய்தி, அரட்டை எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட சராசரி அது. மூன்று வேலைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிய அதே சிக்கல்.

நெருக்கமானவர்கள், தெரிந்தவர்கள்

நம் பழக்கத்தில் இரண்டு அடுக்கு உண்டு. கஷ்டம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடக்கூடியவர்கள் ஓர் அடுக்கு. தெருமுனையில் பார்த்தால் 'என்ன, ஆளையே காணோம்' என்று கேட்பவர்கள் இன்னொன்று. சமூக ஊடகம் இரண்டின் மேலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

முதல் அடுக்கு சின்னது, நேரம் கேட்பது. உளவியலாளர் ராபின் டன்பார் 2016-ல் பிரிட்டனில் ஃபேஸ்புக் பயன்படுத்துவோரைக் கேட்டபோது, சராசரியாக 150-க்கு மேல் 'நண்பர்கள்' இருந்தார்கள். நெருக்கடியில் நம்பக்கூடியவர்கள் ஏறக்குறைய நான்கு பேர். பட்டியல் நீண்டாலும் அந்த நான்கு நீளவில்லை. ஏன் என்பதற்கு ஜெஃப்ரி ஹாலின் இன்னொரு ஆய்வு கணக்கு தருகிறது. வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 200 மணிக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பள்ளி, விடுதி, முதல் வேலையில் கிடைத்த நட்புகள் ஏன் நிற்கின்றன என்பதற்கும், 35 வயதுக்கு மேல் புது நட்பு ஏன் அரிது என்பதற்கும் பாதி பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒருவருடைய பதிவுக்கு 200 லைக் போட்டால் இதில் ஒரு மணி நேரமும் சேராது.

இரண்டாவது அடுக்கை லேசாக நினைக்கக் கூடாது. வேலைக்கான தகவல் நெருங்கியவர்களைவிடத் தூரத்து அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் காட்டினார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்து ஆளுக்குப் புதிது தெரியும். இந்த அடுக்கைக் கலையாமல் வைத்திருப்பதில் சமூக ஊடகம் கெட்டிக்காரர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 286 பேரை வைத்து 2007-ல் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. பத்தாம் வகுப்பு முடித்து 20 ஆண்டு கழித்து ஒரு வாட்ஸ்அப் குழு பழைய மாணவர்களை மண்டபத்தில் கூட்டுகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகு எங்கே, சாப்பாடு எங்கே என்ற தகவல் முகநூலிலும் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடியது. தண்ணீரில் இறங்கியவர்கள் மனிதர்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் முன்பு பார்த்ததுகூட இல்லை. திரையில் வந்த செய்தி ஓர் இடத்தையும் நேரத்தையும் சொன்னது. அதனால் கூட்டம் சேர்ந்தது.

வீட்டை விட்டு எளிதில் நகர முடியாதவர்களுக்கும், ஊரில் தன்னைப்போல் இன்னொருவரைக் காணாதவர்களுக்கும், கடல் கடந்து போனவர்களுக்கும் போன்தான் வாசல். அவர்களிடம் போய் 'நேரில் பழகுங்கள்' என்று அறிவுரை சொல்வது அர்த்தமில்லாதது. தனிமை ஆய்வில் பெரிய பெயரான ஜான் காசியோப்போவும் சகாக்களும் 2018-ல் இதைச் சுருக்கமாக வகுத்தார்கள். இருக்கிற உறவை வளர்க்கவும் புதியவர்களை அடையவும் இணையத்தைப் பயன்படுத்தினால் தனிமை குறைகிறது. மனிதர்களோடு பழகும் சங்கடத்திலிருந்து தப்பிக்கப் பயன்படுத்தினால் கூடுகிறது.

எதிரே ஆள், கையில் போன்

இதுவரை பார்த்தது சந்திப்பு நடக்கிறதா என்பதை. நடக்கும் சந்திப்பு எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். என் கணிப்பில் உண்மையான இழப்பு இங்கேதான் அதிகம், பேச்சு இங்கேதான் குறைவு.

கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி நிரம்பிவிட்டது. அடுத்த பந்திக்கு இருபது நிமிடம் ஆகும். வாசலில் போட்ட நாற்காலிகளில் முப்பது பேர். முன்பு இந்த இருபது நிமிடத்தில் "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று ஆரம்பித்து, எந்த ஊர், யார் மகன் என்று போய், "அட, நம்ம பெரியப்பாவுக்கு நீங்க சம்பந்தி முறை ஆச்சே" என்று முடியும். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் நடந்த பேச்சு அது. இப்போது வேறு செய்ய எப்போதும் ஒன்று இருக்கிறது. உளவியலாளர்கள் கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் உள்ளிட்டோர் முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக ஒரு காத்திருப்பு அறையில் பத்து நிமிடம் உட்காரவைத்தார்கள். சிலரிடம் போன் இருந்தது, சிலரிடம் இல்லை. போன் இருந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தது குறைவு. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. தொடங்க வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். 50 மணி நேர நட்பின் முதல் நிமிடம் இப்படித்தான் நடக்காமலே போகிறது. நடக்காத ஒன்றை யாரும் இழப்பாக எண்ணுவதும் இல்லை.

தெரிந்தவர்களோடு இருக்கும்போதும் சிறு சேதம் உண்டு. அதே வட்டத்து ஆய்வாளர்கள் 2018-ல், நண்பர்களோடும் குடும்பத்தோடும் சாப்பிட வந்த முந்நூறுக்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த சோதனையில், மேசை மேல் போன் வைத்திருந்தவர்கள் கூடுதலாகக் கவனம் சிதறினார்கள், சந்திப்பைச் சற்றுக் குறைவாக ரசித்தார்கள். விளைவு சின்னது. ஆனால் வாரத்துக்குப் பத்துச் சாப்பாடு சேர்ந்து சாப்பிடும் வீட்டில் சின்னது பத்து முறை நடக்கிறது.

உங்கள் கணக்கை நீங்களே எடுப்பது எப்படி

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாட்டினரைப் பற்றியவை. உங்கள் வீட்டுக்கு அவை பொருந்துமா என்று தெரிந்துகொள்ள நான்கு வாரம் போதும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், அளக்க மட்டும் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் எத்தனை நிமிடம் என்று வரும். மனக்கணக்கை நம்பாதீர்கள், சொல்லும் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் இடைவெளி இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. செயலியின் மொத்த நிமிடம் மட்டும் போதாது, மூன்று வேலைகளும் அதற்குள் கலந்திருக்கும். எனவே இரவில் படுக்கும் முன் தோராயமாகப் பிரித்து எழுதுங்கள்: பேசியது, தெரிந்தவர்களைப் பார்த்தது, தெரியாதவர்களைப் பார்த்தது. பக்கத்திலேயே இன்னொரு பட்டியல்: அன்றைக்கு நேரில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசிய ஆட்களின் பெயர். ஒரே வீட்டில் இருப்பவர்களையும் அலுவலகத்தில் கட்டாயமாகப் பேசுபவர்களையும் தனியாகக் குறியுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் தினமும் நிரம்பித் தெரியும்.

அடுத்த மூன்று வாரம், மூன்றாவது வகையை மட்டும் குறையுங்கள். அளவு வேண்டுமென்றால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து 2018-ல் வெளியான சோதனையில் பாதிப் பேருக்குக் கொடுத்தது செயலிக்கு நாளுக்கு 10 நிமிடம், மூன்று வாரம். அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் தங்கள் பயன்பாட்டைப் பதிவு மட்டும் செய்துவந்த மற்றக் குழுவுக்கும் பதற்றம் குறைந்தது. முதல் வாரத்து அளவெடுப்பையே சிலருக்கு மருந்தாக எண்ணலாம்.

எங்கே கெட்டுப்போகும்? முதலில், நேர வரம்பு. ஐபோனில் வரம்பு முடிந்ததும் 'இன்றைக்கு மட்டும் விட்டுவிடு' என்ற வழி அங்கேயே இருக்கிறது. கைக்குப் பழகிவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து கண் படிக்காமலே விரல் அழுத்திவிடும். கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரிடம் வைக்கச் சொல்வதுதான் வேலைக்கு ஆகும். இரண்டாவது, வாட்ஸ்அப்பையும் சேர்த்து வெட்டுவது. நம் குடும்பங்களில் துக்கச் செய்தியும் காதுகுத்துத் தேதியும் குழுவில்தான் வருகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் 'அவனுக்கு இதெல்லாம் எங்கே கண்ணுக்குத் தெரியும்' என்ற பேச்சு வந்து, குறைக்க நினைத்த தனிமை கூடிவிடும். சொந்தக் குழு ஒன்றை மட்டும் சத்தத்தோடு விடுங்கள். 'குட் மார்னிங்' குழுக்களை எப்போதைக்குமாக ஊமையாக்கி ஆர்க்கைவில் போடுங்கள். ஊமையாக்கிய குழுவிலும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாராவது அழைத்தால் அறிவிப்பு வரும், அதனால் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது கோளாறு, மிச்சமான நேரம் யூடியூபுக்கோ டிவிக்கோ நழுவுவது. நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டவர்களுக்கு நடந்தது இதுதான். வெட்டும் நேரத்துக்கு முன்கூட்டியே ஆள் போட்டுவைக்க வேண்டும். அதற்குச் செய்தி அனுப்பும் விதத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. இது வழக்கமான உரையாடல்:

"அண்ணா எப்படி இருக்கீங்க? பார்த்து ரொம்ப நாள் ஆச்சு."
"நல்லா இருக்கேன்பா. ஒரு நாள் மீட் பண்ணலாம்."
"கண்டிப்பா அண்ணா."

இரண்டு பக்கமும் அன்பு இருக்கிறது, நாள் இல்லை. அடுத்த பேச்சு எட்டு மாதம் கழித்துப் பிறந்தநாள் வாழ்த்தில் வரும். இதே ஆளுக்கு இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"அண்ணா, சனிக்கிழமை தாம்பரம் பக்கம் ஒரு வேலையா வர்றேன். சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்டுல இருப்பீங்களா? அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போறேன். அண்ணியைச் சாப்பாடு ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லிடுங்க."

நாள், நேரம், இடம், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இருந்தால் மறுப்பதற்கும் எளிது, சம்மதிப்பதற்கும் எளிது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விருந்து வைக்க வேண்டுமே என்ற தயக்கம் பல சந்திப்புகளைத் தொடங்கும் முன்பே தட்டிவிடுகிறது. பிறகு எப்படியும் பஜ்ஜி வரும், அது வேறு.

நான்காவது வார முடிவில் பெயர்ப் பட்டியலை முதல் வாரத்தோடு வைத்துப் பாருங்கள். பெயர்கள் கூடியிருந்தால் உங்கள் விஷயத்தில் போன் உண்மையிலேயே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. திரை நேரம் பாதியாகியும் பெயர்கள் கூடவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது: வேலை நேரமோ, புது ஊரோ, பழகின நண்பர்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டதோ. அப்போது இன்னும் போனை வெட்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. முதலில் வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், அதே ஆட்கள் கூடும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். இறகுப்பந்தாட்டக் குழுவோ நூலக வாசகர் வட்டமோ கோயில் உழவாரப் பணியோ எதுவானாலும் சரி. நீங்கள் அழைக்காமலே மறுவாரமும் அவர்கள் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள், அதை ஊமையாக்காதீர்கள்.